ஆவியில் வெந்த சோறு

குடும்பத்தில் ஒருவரோடு ஒருவர் பேசாதிருத்தல் எத்துணைப் பெரிய பாரம் என்பதை அனுபவித்தவர் அறிவர். ஒரே கூரையின்கீழ் உறங்கி, ஒரே குடத்து நீரைப் பருகி, ஒரே அடுப்பின் சோற்றை உண்டு, ஆயினும் மாதக் கணக்கில் ஒரு சொல்லும் பரிமாறிக்கொள்ளாத தந்தையும் மகனும் நம் பங்குகளில் இல்லாமலில்லை. அத்தகைய ஒரு வீட்டைப் பற்றியும், அவ்வீட்டின் மௌனம் கலைந்த ஒரு நாளைப் பற்றியும், அன்று சமைக்கப்பட்ட ஒரு புதுமையான சோற்றைப் பற்றியும் இம்மாதம் எழுத எண்ணினோம். இதில் நம்முடைய குற்றமும் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

2010, 2011-ஆம் ஆண்டுகளில் காஞ்சிபுரத்துக்கு மேற்கே, தாமல் பக்கத்துச் சிற்றூர்களில் வாழ்ந்த நம் மக்களைக் கவனித்துவரும் பொறுப்பு நமக்கிருந்தது. தாமல் பழம்பெரும் ஊர். தொண்டை மண்டலத்துத் தாமர்க் கோட்டம் இவ்வூரின் பெயரால் அமைந்தது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை அதன் ஓரமாகச் செல்கிறது. ஏரி நிறைந்த காலங்களில் சாலையில் போவோர்க்கும் அதன் குளிர்காற்று கிட்டும். சுற்றுப்புறத்து ஊர்கள் சிலவற்றில் அக்காலத்தில் தெருவில் நடந்தால் தறியின் ஓசை கேட்கும். ஆனால் அவ்வோசை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தது. விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் பேருந்துகள் வந்து இளைஞர்களை ஏற்றிச் செல்லும். தறிக்குழியில் அமர முதியவர்களே மிஞ்சினர்.

அப்படி மிஞ்சியவருள் ஒருவர் நம் கதைக்குரிய தந்தையார். பெயர் வேண்டா. கோர்வைச் சேலை நெய்வதில் தேர்ந்தவர். காஞ்சிப் பட்டின் சிறப்பே கோர்வையில்தான் உள்ளது என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் தைத்து ஒட்டுவதில்லை. உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு ஒவ்வொரு நாடா, ஆக மூன்று நாடாக்கள் ஓட, ஒவ்வோர் ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். இதனை ஒருவர் தனித்து நெய்தல் அரிது. கரைப்பக்கத்து நாடாவை வீச அருகில் இன்னொருவர் அமர வேண்டும். அந்த வீட்டில் அவ்விடத்தில் பத்து வயதிலிருந்து அமர்ந்தவன் அவருடைய மூத்த மகன்.

அம்மகன் 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலை நம் குருமனைக்கு வந்தான். லிபியா நாட்டில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றும், முகவருக்கு ரூ. 1,20,000 கட்ட வேண்டும் என்றும், தந்தை சம்மதிக்கவில்லை என்றும் சொல்லி, நம் கருத்தைக் கேட்டான். நாம் சிந்தித்துப் பார்த்தோமா? இல்லை. தறித்தொழில் தேய்ந்துவருவதைக் கண்ணால் கண்டோம். அயல்நாடு சென்றவர்கள் கட்டிய மாடி வீடுகளையும் கண்டோம். "தறியை நம்பி எத்தனை நாள் இருப்பாய்? துணிந்து போ" என்று சொல்லிவிட்டோம். அவனுடைய தந்தையை ஒருமுறை அழைத்துக் கேட்டோமில்லை. நம் வார்த்தையை ஊன்றுகோலாகக் கொண்டு தாய் தன் நகையை அடகு வைத்தாள். மீதிக்கு வட்டிக் கடன் வாங்கினார்கள். ஜூன் மாதத்தில் மகன் புறப்பட்டான். வழியனுப்பத் தந்தை தறியைவிட்டு எழுந்து வரவில்லை.

அடுத்து நடந்ததைச் செய்தித்தாள்களில் எல்லோரும் படித்திருப்பீர்கள். 2011 பிப்ரவரியில் லிபியாவில் கிளர்ச்சி மூண்டது. சில நாட்களில் அது உள்நாட்டுப் போராயிற்று. இந்திய அரசு கப்பல்களையும் விமானங்களையும் அனுப்பி 15,000-க்கும் மேற்பட்ட நம்மவரை மீட்டது. பல நாட்டுத் தொழிலாளர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேற்கே துனீசிய எல்லையை நோக்கி ஓடினர். ரஸ் அஜ்தீர் என்னும் எல்லைச் சாவடியைக் கடந்தவர் அவ்வாண்டில் லட்சக் கணக்கினர். நம் மகனும் அந்தத் திரளில் ஒருவனாய்க் கடந்தான். எட்டு மாத உழைப்புக்கு இரண்டு மாதச் சம்பளமே அவன் கண்டது. முகவரோ ஊரிலேயே இல்லை.

மார்ச் மாத முதல் வாரத்தில், சாம்பல் புதனுக்கு முன்பு, ஒரு கைப்பையோடு அவன் வீடு வந்து சேர்ந்தான். தாய் கட்டிக்கொண்டு அழுதாள். தந்தை தலை நிமிரவில்லை. நாடா ஓடிக்கொண்டே இருந்தது. மகன் திண்ணையில் படுத்தான். தாய் கொண்டுவந்து வைத்ததை உண்டான். வீட்டினுள் அவனுக்கென்று ஒரு வார்த்தையும் இல்லை.

தவக்காலத்தின் மூன்றாம் வாரம் இருக்கலாம். அவன் நம்மிடம் வந்து ஒரு விசித்திரமான வேண்டுகோளை வைத்தான்.

"சாமி, எல்லையில நாலு நாள் மணல்லயே கிடந்தோம். அந்த ஊருச் சனங்க வீட்டுல ஆக்கி, பெரிய பெரிய தட்டுல வச்சுக் கொண்டாந்து குடுத்தாங்க. எங்க பாஷையும் தெரியாது, எங்க சாமியும் தெரியாது. அந்தச் சோத்தை நான் ஒரு தடவை நம்ம ஊருல ஆக்கிப் போடணும் சாமி. வீட்டு அடுப்புல அப்பா விடமாட்டாரு."

அவன் சொன்ன சோறு எது என்பதை நாம் பின்னர் கேட்டறிந்தோம். துனீசியாவின் தென்கிழக்கே, காபெஸ் வளைகுடாவில், ஜெர்பா என்னும் தாழ்ந்த தீவு ஒன்று உண்டு. உரோமையர் காலந்தொட்டு ஒரு கடற்பாதை அதனைப் பெருநிலத்தோடு இணைக்கிறது. முகமதியரும் யூதரும் நெடுங்காலமாக அங்கே அருகருகே வாழ்கின்றனர்; சிறிய கத்தோலிக்க ஆலயம் ஒன்றும் உண்டு. 2023-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அத்தீவை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. அத்தீவின் பெயரையே தாங்கி 'ரூஸ் ஜெர்பி', அதாவது 'ஜெர்பாச் சோறு' என வழங்கும் உணவுதான் அது. வட ஆப்பிரிக்கர் கோதுமை ரவையை ஆவியில் அவித்துச் சமைக்கும் கூஸ்கூஸ் உலகறிந்தது. அதே ஆவிப் பானையில் அரிசியையும் இறைச்சியையும் கீரையையும் ஒன்றாகக் கலந்து அவிப்பது ஜெர்பா மக்களின் வழக்கம். அவன் ஒருநாள் அவர்களுக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்து, சமையல் முற்றத்தில் நின்று அதைக் கண்ணாரக் கண்டிருந்தான்.

வட ஆப்பிரிக்கா என்றதும் நம்மவர்க்கு அந்நிய பூமியாகத் தோன்றலாம். ஆனால் கார்த்தேஜ் நகரில் மறைசாட்சியரான பெர்பெத்துவம்மாளும் பெலிசித்தம்மாளும், ஆயராயிருந்து 258-இல் தலை வெட்டுண்ட சிப்ரியானும் அந்த மண்ணின் மக்களே. புனித அகுஸ்தினாரும் அவர் அன்னை மோனிக்கம்மாளும் அங்கே பிறந்தவர்களே. அவ்வன்னை, தம் நாட்டு வழக்கப்படி கூழும் அப்பமும் திராட்சை இரசமும் கூடையில் எடுத்துச் சென்று மறைசாட்சியரின் கல்லறைகளில் படைத்து, வந்தவர்க்கும் பகிர்ந்தளிப்பார்களாம். மிலான் நகரில் ஆயர் அம்புரோசியார் அவ்வழக்கத்தைத் தடுத்திருந்ததை அறிந்ததும் மறுசொல்லின்றி விட்டுவிட்டு, அக்கூடைக்கு ஈடாக ஏழைகளுக்குக் கொடுத்தார்கள் என்று மகன் தம் நூலில் எழுதியுள்ளார். பதினாறு நூற்றாண்டுகள் கழிந்தும், மதம் மாறியும், அக்கரையில் அன்னத்தட்டு ஏந்தி அந்நியரைத் தேடிவரும் கை மட்டும் மாறவில்லை என்று எண்ணி வியந்தோம்.

குருமனை அடுப்பைத் தந்தோம். தவக்காலமாதலால் இறைச்சி சேர்க்காமல் முதலில் ஒரு வெள்ளோட்டம் பார்ப்பதென்று முடிவாயிற்று. நம் சமையலறையிலிருந்த பெரிய இட்லிக் குண்டானில் துளைத்தட்டின்மேல் துணி விரித்து, கழுவிய பச்சரிசியையும் கீரையையும் கொண்டைக்கடலையையும் கலந்து கொட்டினோம். வெந்ததா என்று மகன் ஒருமுறை மூடியைத் திறந்தான். நாம் இருமுறை திறந்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்தும் அரிசி பல்லில் நறநறத்தது. இரவு இரசத்தில் ஊறவைத்து ஒருவாறு விழுங்கினோம்.

மறுநாள் செய்தி கேட்டு அவனுடைய தாய் வந்தாள். குண்டானைப் பார்த்தாள், நம்மையும் பார்த்தாள்.

"அரிசியை ஊறப்போட்டீங்களா சாமி?"

"இல்லை."

"மூடியைத் தொறந்து தொறந்து பாத்தீங்களா?"

பதில் சொல்லாதிருந்தோம்.

"காஞ்சிவரத்துல பெருமாள் கோயில் இட்லி தெரியாதா? மூங்கில் குடலையில இலையைப் போட்டு, மாவை ஊத்தி, மணிக்கணக்குல வேகவைப்பாங்க. நடுவுல யாரும் எட்டிப்பாக்க மாட்டாங்க. பானை ரெண்டும் சேருற எடத்துல ஈரத்துணியைச் சுத்தணும். ஆவி ஓடிட்டா அப்புறம் எங்க வேகும்?"

மகன் தலையில் அடித்துக்கொண்டான். "ஆமாம் சாமி! அவங்களும் துணிதான் சுத்தினாங்க. மறந்தே போயிட்டேன்."

அயல்நாட்டுச் சமையல் என்று நாம் மலைத்தது, அந்தத் தாய்க்குக் கைவந்த கலையாக இருந்தது. இதில் வியப்பில்லை. புழுங்கல் அரிசிக்காக நெல்லையே ஊறவைத்து அவித்து உலர்த்திக் குத்தும் நாட்டினர் நாம். அவ்வாறு அவிக்கையில் உமியையும் தவிட்டையும் ஒட்டிய சத்து அரிசியினுள் இறங்கிவிடுகிறது என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். இட்லியும் இடியாப்பமும் புட்டும் கொழுக்கட்டையும் ஆவியின் பிள்ளைகளே. நீரில் கொதித்தால் குழைவதும், நெருப்பில் பட்டால் கருகுவதும், ஆவியில் அமைதியாக வெந்துவிடுகின்றன. அதற்கு வேண்டுவது இரண்டு: ஆவி வெளியேறாத கட்டு, மூடியைத் திறவாத பொறுமை.

உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள், ஏப்ரல் 25, திங்கட்கிழமை சமைப்பதென்று தீர்மானித்தோம். தெருவார் நாற்பது பேருக்குச் சொல்லியாயிற்று. தந்தையிடம் சொல்ல எவருக்கும் துணிவில்லை. மகன் நம் முகத்தைப் பார்த்தான்.

பெரிய வியாழனன்று பன்னிருவர் பாதங்களைக் கழுவ வேண்டியவர் நாம். ஒரு வீட்டுத் தந்தையின் உரிமையை மிதித்துவிட்டு அந்தச் சடங்கை எப்படிச் செய்வது என்ற எண்ணம் நம்மை உறுத்திக்கொண்டே இருந்தது. புதன்கிழமை மாலை அவ்வீட்டுக்குச் சென்றோம். அவர் தறியில் இருந்தார். குழியருகே தரையில் அமர்ந்தோம். பதறி எழ முயன்றவரைக் கையமர்த்தினோம்.

"உம்மைக் கேளாமல் உம் மகனுக்கு ஆலோசனை சொன்னோம். அது தவறு. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறோம்" என்றோம்.

நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு தறியின் மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு பழைய சாக்கு மடித்துப் போடப்பட்டிருந்தது. அதன்மேல் தூசி படிந்திருந்தது.

"பத்து மாசமாச்சு சாமி, கோர்வை நெய்யறதை நிறுத்தி. ஒத்தையாளா என்ன நெய்ய முடியும்? சும்மாச் சேலைதான். கூலி பாதிகூட இல்லை. கடன் போனா போவுது சாமி. போறேன்னு அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை நின்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

நாம் எதிர்பார்த்தது பணத்தைப் பற்றிய கோபம். அவர் நெஞ்சில் இருந்ததோ வேறு. மகன் இழந்த பணத்தை அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. சொல்லாமற்போன அந்த ஒரு வார்த்தையையே எண்ணிக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை சொல்லப்படாமற் போனதற்குக் காரணம், குருவானவரே சொல்லிவிட்டார் என்று மகன் கொண்ட துணிவு. வருவாரா மாட்டாரா என்று கேளாமல், திங்கட்கிழமைச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கூறிவிட்டுத் திரும்பினோம்.

வாசகர்கள் தங்கள் இல்லங்களில் செய்து பார்க்க விரும்பினால் செய்முறை இதுவே. ஒரு குடும்பத்துக்கு ஆகும் அளவைத் தருகிறோம். பச்சரிசி ஒரு கிலோவைக் கழுவி முக்கால் மணி நேரம் ஊறவைத்து வடித்துக்கொள்க. ஆட்டிறைச்சி முக்கால் கிலோவைச் சுண்டைக்காய் அளவிற்குச் சிறிதாக நறுக்குக. பெரிய துண்டு ஆவியில் வேகாது. ஈரல் கால் கிலோவையும் அவ்வாறே நறுக்குக. முதல்நாள் இரவே ஊறவைத்த கொண்டைக்கடலை இரண்டு கைப்பிடியை அரைவேக்காடாக அவித்துக்கொள்க. பசலைக்கீரை அல்லது முளைக்கீரை மூன்று கட்டு, கொத்துமல்லித் தழை ஒரு கட்டு, வெங்காயம் நான்கு ஆகியவற்றைப் பொடியாக அரிக. ஜெர்பாவில் சதகுப்பைத் தழையும் சேர்ப்பார்கள். நமக்குக் கிடைக்காவிடில் குற்றமில்லை. காய்ந்த மிளகாயைப் பூண்டோடு அரைத்த விழுது, மஞ்சள், தனியா, சீரகம், தக்காளி விழுது, உப்பு இவற்றைச் சேர்த்து, ஒலிவ எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் ஒரு கரண்டி தாராளமாக ஊற்றி, அனைத்தையும் பச்சையாகவே ஒன்றாய்ப் பிசைக. தீவார் சிலர் உலர்ந்த சிறு இறாலும் போடுவதுண்டு.

கீழ்ப்பானையில் நீர் கொதித்த பின்பே கலவையைத் துளைத்தட்டில் இட வேண்டும். அமுக்காமல் தளர்வாக இடுக. மூடியைச் சுற்றி ஈரத்துணி கட்டி முக்கால் மணி நேரம் விடுக. பிறகு ஓர் அகன்ற தாம்பாளத்தில் கொட்டி, இரண்டு குவளை வெந்நீர் தெளித்துக் கிளறி, மறுபடியும் ஏற்றி, முன்போல் கட்டி, இன்னும் முக்கால் மணி நேரம் வேகவிடுக. இந்த இரண்டாம் வேக்காட்டில்தான் அரிசி மலரும். கீரை கரைந்து மறையாது; கறி தன் சாற்றைக் கீழே விடாமல் அரிசிக்கே கொடுக்கும்.

திங்களன்று தாயும் மகனும் அருகருகே நின்று மூன்று குண்டான்களை இறக்கினர். வாழையிலை போட்டுத் தெருவார் அமர்ந்தனர். பிரியாணி என்று எண்ணி வந்த சிறுவர்கள், பச்சை நிறம் கண்டு முதலில் தயங்கினர்; பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கினர். நமது கண்களோ வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தன.

பந்தி முடியும் வேளையில் தந்தையார் வந்தார். துவைத்த வேட்டி, தோளில் துண்டு. யாரையும் பாராமல் திண்ணையின் கடைசியில் அமர்ந்தார். தாய் இலை போட்டாள்; மகன் சோற்றுத் தாம்பாளத்தை ஏந்திவந்து குனிந்து பரிமாறினான். அவன் கை நடுங்கியதை எல்லோரும் கண்டோம். அவர் ஒரு கவளம் எடுத்து உண்டார். இன்னொரு கவளம் உண்டார். அந்த இடமே மூச்சடக்கி நின்றது.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார், மகனைப் பார்த்து.

பத்து மாதங்களில் அவர் மகனிடம் சொன்ன முதல் வார்த்தை அது. மகன் உப்புக்காக உள்ளே ஓடினான்; உப்புச் சாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், வெளியே வர அவனுக்குச் சற்று நேரம் ஆயிற்று. அவர் இலையை வழித்து உண்டார். கை கழுவிவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டே, பொதுவாகச் சொல்வதுபோல், "புதன்கிழமை புதுப் பாவு ஏத்தறேன். கரைப்பக்கம் ஆள் இல்லை" என்றார். "நான் வரேம்பா" என்றான் மகன். அவ்வளவே. கட்டித் தழுவலும் இல்லை, கண்ணீரும் இல்லை. வியாழக்கிழமை காலை அத்தெரு வழியே நற்கருணை எடுத்துச் சென்றபோது அவ்வீட்டில் கோர்வைத் தறியின் ஓசை கேட்டது.

கதையை இத்துடன் முடித்தால் இனிமையாக இருக்கும். ஆயினும் முழுவதையும் சொல்வதே முறை. கடன் தீர ஐந்து ஆண்டுகள் பிடித்தன. தந்தையார் இன்று இல்லை. அவ்வீட்டில் தறியும் இல்லை. மகன் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஆனால் அதற்குப் போகுமுன் தந்தையின் எதிரில் நின்று, "போகட்டுமாப்பா?" என்று கேட்டான் என்றும், அவர் ஒருநாள் முழுதும் யோசித்துவிட்டு, "போய்ட்டு வா" என்றார் என்றும் தாய் நம்மிடம் கூறினாள். நாமும் அன்றுமுதல், ஆலோசனை கேட்டு வரும் எந்தப் பிள்ளையிடமும், "வீட்டில் சொல்லிவிட்டாயா?" என்று கேளாமல் வாய் திறப்பதில்லை.

கிரேக்கரின் பழங்கதை ஒன்றில், கடலோடிகள் சிலர் ஒரு நாட்டில் இறங்கி, அங்கே தந்த கனியை உண்டதும் தாய்நாட்டையும் வீட்டையும் மறந்து அங்கேயே தங்க விரும்பினர் என்று வரும். அந்நாடு ஜெர்பாத் தீவே என்பது தொன்றுதொட்டு வழங்கும் நம்பிக்கை. நம் மகனோ அக்கரையின் சோற்றை உண்டு வீட்டை மறந்துவிடவில்லை. வீட்டுக்கு வழி கண்டான். முகமறியாத அந்நியர் கொடுத்த உணவு, முகம் திருப்பிக்கொண்ட தந்தையிடம் அவனைக் கொண்டுசேர்த்தது.

ஒவ்வோர் ஆண்டும் உயிர்ப்புக்கு மறுநாள் அவ்வீட்டில் இன்றும் அந்தச் சோறு வேகிறது. ஜெர்பா எங்கே உள்ளது என்று அறியாத பேரப்பிள்ளைகளும் 'ஜெர்பாச் சோறு' என்றே கேட்கிறார்களாம். அன்புக் குடும்பத்தாரே, நீங்களும் ஒருநாள் சமைத்துப் பாருங்கள். பேசாதிருப்பவர் ஒருவர் உங்கள் இல்லத்தில் இருந்தால் அவருக்கும் ஓர் இலை போடுங்கள். மூடியைப் பலமுறை திறந்து பார்க்காதீர்கள். உப்பை மட்டும் சற்றுக் குறைத்தே போடுங்கள். அவர் சொல்வதற்கு ஒரு வார்த்தை மிச்சமிருக்கட்டும்.